தடுக்கி விழுந்தாங்க

கடைக்கு வருகிறவர்கள் கண்ணைக் காட்டுவதற்கு முன்னால் அனுதாபத்தைக் காட்ட ஆரம்பித்திருந்தார்கள்.

"உங்க வீட்டுக்காரர் பாவம்மா. அந்தப் பொம்பள தானே தடுக்கி விழுந்துட்டு அவர் தலையில கட்டுறா. நல்லவேளை, நீங்க பக்கத்துல நின்னு பார்த்தீங்க."

அவள் தலையை ஆட்டிவிட்டு, கையிலிருந்த ஃப்ரேமின் காதுக்கம்பியைச் சூடு காட்டி வளைக்கத் தொடங்குவாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு வசதி, குனிந்து செய்கிற வேலை நிறைய உண்டு. யார் முகத்தையும் பார்க்காமல் ஒரு நாளை ஓட்டிவிடலாம். ஆனால் கண் அளவு எடுக்கும்போது மட்டும் பார்த்தே ஆகவேண்டும். 

அவள் புருஷன் தீயணைப்பு வீரன். நிலையத்தில் அவனுக்கு ஏணி என்று பெயர். அவ்வளவு உயரம். கல்யாண போட்டோவில் அவள் அவன் சட்டைப் பையோடு பேசிக்கொண்டிருப்பதுபோல இருப்பாள். அவளுக்கும் வீட்டில் ஒரு பெயர் உண்டு. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற மாமனார் வைத்தது. "கடையில எல்லாருக்கும் பவர் போடறவ, வீட்டுலயும் பவர் அவ கையிலதான்" என்று சொல்லிச் சொல்லி, பவரு என்றே ஆக்கிவிட்டார். சிரிப்புக்குப் பஞ்சமில்லாத வீடு அது. அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

அன்று மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவப் போன மாமனார் கழுவாமலே விழுந்தார். நடை குறுகல். ஆளைப் படுக்கவைத்து நெஞ்சை அமுக்க இடமில்லை. ஏணி அப்பாவைத் தூக்கிக் கொண்டுபோய் வீட்டு வாசலில், மாடிப்படி முடிகிற சதுரத்தில் கிடத்தி, அமுக்க ஆரம்பித்தான். ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்தது. தலைமுடியை ஒட்ட வெட்டிய, கண்ணாடி போட்ட ஒரு பெண்ணும், தாடி வைத்த டிரைவரும் ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்தார்கள். அந்தப் பெண் ஏறி வந்தவுடனே, "சார், நீங்க அமுக்கினது போதும், இடத்தை எங்களுக்குக் கொடுங்க. கீழ வண்டியில ஆக்ஸிஜன் இருக்கு, அதைத் தூக்கிட்டு வர ஆள் வேணும். நீங்கதான் தெம்பா இருக்கீங்க" என்றார். ஏணி ஓடினான்.

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டிரைவர் அமுக்கினான். அந்தப் பெண் படிக்கட்டுக்கு முதுகு காட்டி முட்டிபோட்டு உட்கார்ந்து, மாமனாரின் நெஞ்சில் இரண்டு பட்டைகளை ஒட்டி, அதிர்வு கொடுக்கிற மெஷினை முடுக்கினார். மெஷின் தயாரானதும் ஒரு சொல் சொன்னார்.

"விடு."

டிரைவர் வேகத்தில் இன்னொரு முறை அமுக்கிவிட்டான்.

"விடுன்னா விடு!"

ஆம்புலன்ஸில் அதற்கு அர்த்தம், உடம்பிலிருந்து கையை எடு, மெஷின் வேலை செய்யப் போகிறது என்பது. தீயணைப்பு வண்டியில் அதே சொல்லுக்கு வேறு அர்த்தம். எரிகிற கட்டடத்துக்குள் அணித்தலைவர் "விடு" என்றால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே வா, உள்ளே இருப்பது பொருளோ ஆளோ, இனி நம்முடையது இல்லை. அதற்கு மறுபேச்சு கிடையாது. அப்படி ஒரு தடவை விட்டுவிட்டு வந்தபின் ஏணி ஒரு வாரம் யாரோடும் பேசாமல் இருந்ததை அவள் பார்த்திருக்கிறாள்.

சிலிண்டரைத் தோளில் சுமந்து படியேறி வந்தவன் காதில் அந்தச் சொல் விழுந்தது. கண்ணில் பட்டது, தன் அப்பாவின் நெஞ்சிலிருந்து எல்லாக் கைகளும் ஒன்றாக எழுந்தது. அந்தப் பெண்ணின் முதுகு மெஷினை மறைத்திருந்தது. அவன் சிலிண்டரைப் போட்டான், மூன்று படியை ஒரே தாவலில் தாண்டினான், "விடாதே!" என்று கத்திக்கொண்டே அவர் கோட்டின் தோளைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்து, வீசினான்.

அவர் கத்தக்கூட இல்லை. படிக்கட்டுதான் சத்தம் போட்டது.

அதே நொடியில் மெஷின் தன் வேலையைச் செய்தது. மாமனாரின் உடம்பு தூக்கிப்போட்டது. மெஷின் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்த டிரைவர் நிமிர்ந்தபோது, எதிரே உட்கார்ந்திருந்தவரைக் காணோம். மாமனாருக்கு மூச்சு வந்துவிட்டது.

இரண்டாவது ஆம்புலன்ஸோடு போலீசும் வந்தது. ஏணி அதற்குள் அப்பாவைக் கைகளிலேயே தூக்கிக்கொண்டு இறங்கி, முதல் வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டான். கீழ்ச் சதுரத்தில் அந்தப் பெண் சுவரோரம் கிடந்தார். ஒரு கை திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. ஒரு போலீஸ்காரர் மேலே ஏறிவந்து, "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார்.

அவள் யோசிக்கவே இல்லை. வாய் தானாகவே சொன்னது.

"ஸ்ட்ரெச்சர் பெல்ட்ல கால் தடுக்கி விழுந்தாங்க."

கீழே கிடந்தவர் தலையைத் தூக்கி அவளிருந்த திசையைப் பார்த்தார். கண்ணாடி உடைந்துபோயிருந்தது. அந்தத் தூரத்தில் அவருக்கு முகம் தெரிந்திருக்காது என்று தொழில் தெரிந்த அவளுக்குத் தெரியும். ஆனால் குரல் கேட்டிருக்கும்.

ஸ்ட்ரெச்சர் அப்போதும் சுவரோரம் சாய்ந்துதான் நின்றது. அதன் பெல்ட் நாலாக மடித்து உள்ளே செருகியிருந்தது.

*

சாதாரண அடிதடிக் கேஸாக இருந்தால்கூட இவ்வளவு பயமில்லை. போன வருஷம்தான் சட்டத்தை மாற்றியிருந்தார்கள். தீயணைப்பு, ஆம்புலன்ஸ், போலீஸ் என்று உதவிக்கு ஓடிவருகிறவர்களைப் பலமாகக் காயப்படுத்தினால் ஏழு வருஷத்துக்குக் குறையாமல் ஜெயில். நீதிபதி மனசு வைத்தாலும் அதற்குக் கீழே இறங்க முடியாது.

அந்தச் சட்டம் சும்மா வரவில்லை. ஏணியின் நிலையத்தில் எல்லோரும் சித்தப்பா என்று கூப்பிடுகிற மூத்த வீரர் ஒருவர் இருந்தார். ஒரு கடை எரிந்தபோது, கூட்டத்திலிருந்து எவனோ வீசிய பாட்டில் அவர் இடது கண்ணைக் கொண்டுபோனது. வீசியவன் சில மாதங்களில் வெளியே வந்து, நிலையத்துக்கு எதிர்த்த டீக்கடையிலேயே நின்று சிகரெட் பிடித்தான். அதற்குப் பிறகுதான் ஊர்வலம், மனு, டிவி பேட்டி எல்லாம். ஊர்வலத்தில் சித்தப்பாவுக்குப் பக்கத்தில் பேனரின் மறுமுனையைப் பிடித்திருந்தவன் ஏணி. உயரமானவன், பேனர் நன்றாகத் தெரியும் என்று அவன் கையில் கொடுத்தார்கள். பின்வரிசையில் ஆம்புலன்ஸ்காரர்களும் வந்திருந்தார்கள்.

சட்டம் நிறைவேறிய அன்று நிலையத்தில் கேக் வெட்டினார்கள். அவளும் போயிருந்தாள். "ஏழு போதாது சித்தப்பா, பத்தாப் போட்டிருக்கலாம்" என்று சொன்னது அவள்தான். பாட்டில் வீசியவனின் பெண்டாட்டி, அவர் அன்னைக்கு வீட்டைவிட்டே கிளம்பல என்று கோர்ட்டில் சாட்சி சொன்னதைப் பற்றியும் அன்று பேச்சு வந்தது. "எப்படித்தான் நாக்குக் கூசாம சொன்னாளோ" என்று உதட்டைப் பிதுக்கியதும் அவள்தான். இப்போது குளிக்கும்போதும் சமைக்கும்போதும் அந்த வாக்கியம் அவள் குரலிலேயே அவளுக்குக் கேட்டது.

ஏணியின் அக்கா பிடித்துக்கொடுத்த வக்கீல், அந்தப் பெண்ணின் புகாரில் கைதானவனுக்கு ஜாமீன் வாங்கிக் கொடுத்த கையோடு அவளைத் தனியே கூப்பிட்டார்.

"டிரைவர் பார்க்கல. அந்தப் பொண்ணு யாரோ இழுத்த மாதிரி இருந்துச்சுங்கறா, அவ்வளவுதான். மொத்தக் கேஸும் உங்க நாக்கு நுனியில நிக்குது. அது பிசகாம இருந்தாப் போதும்."

அவள் சரி என்றாள்.

ஆனால் வக்கீலுக்கும் தெரியாத ஒன்று வீட்டில் நடந்தது. சஸ்பெண்ட் ஆகி வீட்டிலிருந்த ஏணி, ஒரு நாள் சாயங்காலம் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஒரு துண்டை எடுத்து மடிக்கத் தெரியாமல் மடித்தான்.

"உன்கிட்ட ஒண்ணு கேட்கணும். எனக்கு எதுவுமே ஞாபகத்துல இல்ல. சிலிண்டரைப் போட்டது ஞாபகம் இருக்கு. அப்பா கண்ணைத் தொறந்தது ஞாபகம் இருக்கு. நடுவுல யாரோ கத்திரியால வெட்டி எடுத்த மாதிரி இருக்கு." அவன் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "அவங்க தோள்ல கை வெச்சேன்னு மட்டும் தோணுது. அதுக்கு மேல நான் எதுவும் பண்ணலையே? நிஜமாவே பெல்ட்தான் தடுக்கிச்சா?"

அத்தனை பெரிய உடம்புக்குள்ளிருந்து அவ்வளவு சின்னக் குரல் வரும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

"ஆமாங்க" என்றாள். "பெல்ட்தான்."

அவன் அவள் மடியில் தலை வைத்துப் படுத்து, குழந்தை மாதிரித் தூங்கிப்போனான். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவன் ஒழுங்காகத் தூங்கியது அன்றுதான். கால் மரத்துப்போகும்வரை அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். போலீசிடம் சொன்னது பயத்தில் வந்தது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இது அப்படி இல்லை. இதை யோசித்துத்தான் சொன்னாள்.

மாமனார் தேறி வீட்டுக்கு வந்தார். வந்ததும் வராததுமாக, "எமன் விசில் ஊதி வண்டியக் கெளப்பிட்டான் பவரு. அந்தப் பொண்ணுதான் பெல் அடிச்சு என்னை இறக்கிவிட்டுருச்சு. அதைப் போய்ப் பார்த்துட்டு வரணும்" என்றார்.

"அப்புறம் பார்க்கலாம் மாமா. அவங்களுக்கும் அடிபட்டிருக்கு. பெல்ட்ல தடுக்கி..."

"அட, இத்தனை வருஷமா ஓடற பஸ்ஸுல நின்னேன், நான் ஒரு நாள் தடுக்கினதில்ல. நின்ன இடத்துல எப்படித் தடுக்கினா?" என்று அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டுச் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

*

சித்தப்பா கடைக்கு வந்தது ஒரு காலை நேரத்தில். மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணுக்கு உறுதியான கண்ணாடி செய்து கொடுத்தவள் அவள்தான். வலது பக்கம் பவர், இடது பக்கம் சும்மா கண்ணாடி. பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாதபடி இரண்டையும் ஒரே கனத்தில் தேய்த்திருந்தாள். ஸ்க்ரூ தளர்ந்துவிட்டது என்று கழற்றிக் கொடுத்துவிட்டு, சித்தப்பா ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நாளைக்கு ஆம்புலன்ஸ் சங்கத்துல நான் பேசப்போறேன்மா. அவங்க ஆளுங்க நம்ம ஏணி பேரை நாறடிக்கறாங்க. மொதல்ல மரியாதையாச் சொல்லிப் பார்த்தோம், கேட்கல. நம்ம பசங்களும் சும்மா இல்ல. அந்தப் பொண்ணைப் பார்த்தாலே 'பெல்ட்டக்கா, பார்த்துப் போங்க, தரை வழுக்கும்'னு ஓட்டறாங்க." அவர் லேசாகச் சிரித்தார், பிறகு நிறுத்திக்கொண்டார். "எனக்கு ஏணி மேல நம்பிக்கைன்னு நான் சொல்ல வேண்டியதே இல்ல. அவன் பொண்டாட்டி பார்த்திருக்கா, அது போதும்னு சொல்வேன். எனக்குக் கண்ணு கொடுத்த பொண்ணு பொய் சொல்லுமா?"

ஸ்க்ரூ அவள் விரலிலிருந்து நழுவி எங்கோ உருண்டது. மேசைக்கடியில் முட்டிபோட்டுத் தேடினாள். கிடைத்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தாள்.

"கெடைச்சுதாம்மா?"

"கெடைச்சுது சித்தப்பா."

அவர் போய் ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. முதலாளி சாப்பிடப் போயிருந்தார். கண்ணாடிக் கதவை முதுகால் தள்ளிக்கொண்டு அந்தப் பெண் உள்ளே வந்தார். வலது கையில் தோளிலிருந்து விரல்நுனி வரை கம்பியும் பட்டையுமாக ஒரு கூடு. இடது கையில் ஒரு பர்ஸ். சீருடை இல்லாமல் பார்க்கையில் இன்னும் சின்ன உருவமாகத் தெரிந்தார்.

"கண்ணாடி போடணும்."

ஓடிவிடலாமா என்று அவள் கால் நினைத்தது. வாய், எல்லா வாடிக்கையாளரிடமும் சொல்வதைச் சொன்னது. "உக்காருங்க."

பர்ஸிலிருந்து உடைந்த ஃப்ரேம் வெளியே வந்தது. ஒற்றைக் கையால் பர்ஸை மறுபடி மூட முடியவில்லை. அவளே மூடிக் கொடுத்தாள்.

"இந்த ஊர்ல வேற கடை இல்லாம நான் இங்க வரல" என்றார் அந்தப் பெண். "வரக்கூடாதுன்னும் தெரியும். நீங்க சாட்சி. எங்க வக்கீலுக்குத் தெரிஞ்சா திட்டுவார். உங்க வக்கீல் அதைவிடத் திட்டுவார். அதனால கேட்டுட்டுச் சீக்கிரம் போயிடறேன். நீங்க உங்க வேலையைப் பாருங்க."

வேலை என்றால் அளவு எடுப்பது. சோதனை ஃப்ரேமை அவராகவே மாட்டிக்கொள்ள முடியாது. அவள்தான் இரண்டு கைகளாலும் அவர் முகத்தில் மாட்டி, காதோரம் சரிசெய்தாள். ஒரு நாலு விரல்கடைத் தூரத்தில் அந்த முகம். இடது புருவத்தில் தையல் போட்ட தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது.

"என் மூக்கு நுனியைப் பாருங்க."

அவர் பார்த்தார்.

"உங்ககிட்டச் சண்டைக்கு வரல. நெஜமா தெரிஞ்சுக்கத்தான் வந்தேன். யாரோ பின்னாலேர்ந்து இழுத்த மாதிரிதான் எனக்கு இருக்கு. ஆனா அடிபட்ட நேரத்துல மனசு இல்லாததையெல்லாம் சொல்லும். எத்தனை பேஷண்ட்டைப் பார்த்திருக்கேன். மாடியிலேர்ந்து தானே விழுந்தவங்க, தள்ளிவிட்டாங்கன்னு சாமி மேல சத்தியம் பண்ணுவாங்க. அதனால என்னையே நான் நம்பல." அவர் இடது கையால் சோதனை ஃப்ரேமைப் பிடித்துக்கொண்டார். "அந்த பெல்ட்டை மடிச்சு உள்ள செருகிட்டுத்தான் உக்காந்தேன்னு நெனைச்சுட்டிருக்கேன். நான் மடிக்கலையா?"

அவள் கையில் அளவுகோல் அப்படியே நின்றது.

"எங்க டிப்போவுல புதுசா வர்றவங்களுக்கு நான்தான் சொல்லித் தருவேன். மொதல்ல பெல்ட்டை மடி, அப்புறம் பேஷண்ட்டைத் தொடுன்னு. வருஷக்கணக்கா என்கிட்டத் திட்டு வாங்கினவனெல்லாம் இப்ப என்னைப் பார்த்துப் பரிதாபப்படறான். பாவம், வயசாயிடுச்சு, மறந்திருப்பாங்கன்னு. அது பரவாயில்ல. ஆனா நான் நெஜமாவே மடிக்காம விட்டிருந்தா, உங்க மாமனாரைத் தூக்கும்போது அவரையும் சேர்த்துல்ல கவுத்திருப்பேன்? அதை நெனைச்சாத்தான் சாப்பிட முடியல. இந்தக் கை இனிமே மூடாதுன்னு சொல்லிட்டாங்க. விரலுக்குப் போற நரம்பு போச்சு. அதுக்கு அழுது முடிச்சுட்டேன். இது மட்டும்தான் முடியல. நீங்க நேராப் பார்த்துட்டு நின்னீங்க. நான் மடிக்கலன்னா மடிக்கலன்னே சொல்லுங்க. ஏத்துக்கறேன்."

குற்றம் சாட்டுகிற முகமாக இருந்திருந்தால் அவள் எப்படியோ சமாளித்திருப்பாள். அந்த முகம் அவளிடம் தீர்ப்புக் கேட்டுக்கொண்டிருந்தது.

"எனக்கு..." என்றாள். "அன்னைக்கு இருந்த பதட்டத்துல எனக்கு ஒண்ணும் சரியா..."

"சரி" என்றார் அந்தப் பெண், உடனே. "சரி. பரவாயில்ல. நானும் உங்களைக் கஷ்டப்படுத்தக் கூடாது. உங்க வீட்டுப் பெரியவர் எமர்ஜென்சியில கெடக்கும்போது பெல்ட்டையா பார்த்துட்டிருப்பீங்க."

அவரே அவளுக்காகச் சாக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு எழுந்தார். போகும்போது கதவை மறுபடி முதுகால் தள்ளப் பார்த்தார். அவள் ஓடிப்போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். "தேங்க்ஸ்" என்றார் அவர்.

கூனிக் குறுகுவது என்று எழுத்தில் படித்திருக்கிறாள். அது உடம்பில் நடக்கிற விஷயம் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் தெரிந்தது. முதலாளி திரும்பி வந்தவுடனே தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள். கிளம்பின பிறகு, வழியில் பஸ் ஸ்டாப் நிழலில் நின்று சித்தப்பாவுக்குப் போன் போட்டாள்.

"சித்தப்பா, நாளைக்கு நீங்க அங்க பேசாதீங்க."

"ஏம்மா?"

"அவங்க தடுக்கி விழல."

போனில் நிலையத்தின் சத்தம் கேட்டது. யாரோ வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா மூச்சு விடுவதும் கேட்டது. அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் போனை வைத்துவிட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

*

வீட்டில் அப்பாவும் பிள்ளையும் டிவி ரிமோட்டைக் கழற்றிப் போட்டு ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்.

"வாம்மா பவரு. உன் புருஷன் நெருப்பை அணைக்கச் சொன்னா அணைப்பான். இந்தப் பேட்டரியை மாத்தச் சொன்னா முழிக்கறான்" என்றார் மாமனார்.

அவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. வைத்தால் உட்கார்ந்துவிடுவாள், உட்கார்ந்தால் சொல்ல வராது.

"ஏங்க, அன்னைக்கு பெல்ட் மடிச்சுத்தான் இருந்துது. நாலா மடிச்சு உள்ள செருகி இருந்துது. நான் பார்த்தேன்."

ஏணி நிமிர்ந்தான்.

"நீங்கதான் அவங்க தோளைப் பிடிச்சு இழுத்தீங்க. இழுத்து வீசினீங்க."

ரிமோட்டின் மூடி அவன் கையிலேயே இருந்தது. கொஞ்ச நேரம் அவன் முகத்தில் எதுவும் நடக்கவில்லை. பிறகு கோபம் வந்தது. அவளிடம் அவன் குரலை உயர்த்தியதே கிடையாது.

"இதை ஏன் இப்ப சொல்ற? அன்னைக்கு உன்கிட்ட வாயைத் தொறந்து கேட்டேன்ல? ஆமாங்கன்னு சொன்னியா இல்லையா? நான் தூங்கினேன்டி! நிம்மதியாத் தூங்கினேன்!"

"பொய் சொன்னேன்."

"யாரு சொல்லச் சொன்னா? எனக்காகவா?"

"உங்களுக்காகன்னுதான் நெனச்சேன். இல்ல. எனக்காகத்தான். நீங்க இல்லாத வீட்டுல எனக்கு இருக்கத் தெரியாது." அவள் பையை மார்போடு பிடித்துக்கொண்டாள். "இன்னிக்கு அவங்க கடைக்கு வந்தாங்க. 'நான் பெல்ட்டை மடிக்கலையா'ன்னு என்கிட்டக் கேட்டாங்க. அதுக்குக்கூட நான் பதில் சொல்லல. அவங்க கை இனிமே மூடாதாம். அவங்களைப் பைத்தியக்காரி ஆக்கிட்டு நாம இங்க ரிமோட் கழட்டிட்டு இருக்கோம்."

"ஏழு வருஷம்" என்றான் அவன். "உனக்குப் புரியுதா? ஏழு வருஷம்."

"புரியுது. பத்தாப் போடுங்கன்னு சொன்னவளே நான்தான்."

மாமனார் அதுவரை இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பேச்சு நின்று அவள் பார்த்ததில்லை. தன் நெஞ்சில், சட்டைக்கு மேலே, பட்டை ஒட்டியிருந்த இடத்தை அவர் கை தடவியது.

"இங்க வேலை செஞ்ச கை தானேடா அது" என்றார் பிள்ளையிடம். "அது இனிமே மூடாதா?"

ஏணி மூடியைக் கீழே வைத்தான். இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, அவை யாருடையவை என்பதுபோலப் பார்த்தான். "கோட்டுத் துணி சொரசொரன்னு இருந்துச்சு" என்றான் மெதுவாக. "இங்க, விரல்ல. இத்தனை நாளும் அது என்னன்னு யோசிச்சிட்டே இருந்தேன். கேட்டா நீ வேற எதையாவது சொல்லிடுவியோன்னு பயந்து, ஒரு தடவையோட நிறுத்திக்கிட்டேன்."

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். தொடவில்லை. தொட்டால் ஆறுதல் ஆகிவிடும். இருவரும் அதற்குத் தகுதியில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

கொஞ்ச நேரம் கழித்து அவன் எழுந்துபோய் முகத்தைக் கழுவி, சவரம் செய்துகொண்டு, வெளுத்த சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தான். மாமனார் கதவு வரை வந்தார். அவர் வாயில் ஏதோ ஒரு வேடிக்கைப் பேச்சு வந்து நின்றது தெரிந்தது. அவர் அதை விழுங்கிவிட்டு, பிள்ளையின் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டார்.

*

காவல் நிலையத்தில் கேஸைப் பார்க்கிற பெண் இன்ஸ்பெக்டர் முதலில் இருவரையும் வெளியே அனுப்பப் பார்த்தார்.

"வக்கீலோட வாங்க. சும்மா வந்து எதையாவது உளறிட்டு, நாளைக்கு மிரட்டி வாங்கிட்டாங்கன்னு சொல்லாதீங்க."

"வக்கீல் வந்தா என்னைப் பேச விடமாட்டார் மேடம்" என்றான் ஏணி.

"இதுல என்ன செக்‌ஷன், எத்தனை வருஷம்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். தெருத்தெருவா பேனர் பிடிச்சுக் கேட்டு வாங்கினதே நாங்கதான்."

அறையிலிருந்த இன்னொரு போலீஸ்காரர் சிரிக்கப்போய், இன்ஸ்பெக்டரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

முதலில் அவளிடம் கேட்டார்கள். பொய் வாக்குமூலம் கொடுத்ததற்கு அவள் மேலும் கேஸ் வரும் என்று சொன்னார்கள். வரட்டும் என்றாள். அதைச் சொல்லும்போது வீரமாக எதுவும் தோன்றவில்லை. தாமதமாக வந்த ஒருத்தி வரிசையில் நிற்கிற மாதிரித்தான் இருந்தது. ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டபோது, "அவரு எனக்கு வேணும்னு" என்றாள். இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்துவிட்டு அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

எழுதி முடித்ததை அவர் படித்துக் காட்டினார். படி, சிலிண்டர், மெஷின், அந்தச் சொல், எல்லாம் வரிசையாக வந்தன. தன் வீட்டு வாசலை இன்னொருத்தர் குரலில் கேட்பது, உடுத்தாமல் நிற்பதுபோல இருந்தது.

"...அப்போது என் கணவர் பதற்றத்தில் அவரை விலக்கியதில், அவர் நிலைதடுமாறிப் படிக்கட்டில் விழுந்தார்." இன்ஸ்பெக்டர் நிறுத்தினார். குரல் கொஞ்சம் இளகியிருந்தது. "சரிதானே? கையெழுத்துப் போடுங்க."

அவள் பேனாவை வாங்கினாள். விலக்கியதில். மெத்தென்ற சொல். அதற்குள் அந்த ஏழு வருஷச் சட்டத்திலிருந்தே நழுவக்கூட இடம் இருக்கலாம். வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிவிடுவார். பக்கத்தில் ஏணி தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் மூச்சு நின்றிருந்தது. அவளுக்கு அந்த மூச்சு இரவும் பகலும் பழக்கம், நின்றால் உடனே தெரியும்.

அவளுக்கு அந்தச் சொல் அவ்வளவு பிடித்திருந்தது. அதுதான் அவளை வெட்கப்பட வைத்தது.

"மேடம்" என்றாள். "விலக்கல. பின்னால இருந்து ரெண்டு கையாலும் பிடிச்சு இழுத்து வீசினார். அப்படியே எழுதுங்க."

இன்ஸ்பெக்டர் ஏணியைப் பார்த்தார்.

"அவ சொல்றது சரி" என்றான் அவன்.

இன்ஸ்பெக்டர் அந்த வார்த்தைகளை அடித்துவிட்டு, மேலே சின்ன எழுத்தில் புதிதாக எழுதி, திருத்தத்துக்குப் பக்கத்தில் சுருக்கொப்பம் போடச் சொன்னார். அவள் போட்டாள். எழுத்து கோணலாக வந்தது. பேனாவை மூடி மேசையில் வைத்த பிறகும் அவளால் தலையைத் தூக்கி அவனைப் பார்க்க முடியவில்லை. அவன் தன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது.

"இப்ப என்னோடதை எழுதுங்க மேடம்" என்றான்.